மூளைக் கோளாறுகளைப் பற்றிப் படிக்க டாக்டராகத்தான் வேண்டுமா?

மூளையில் கோளாறு வந்தால் மனிதர்களின் நடத்தை ஏன் மாறுகிறது என்று படிக்கப் போவதாக உங்கள் மகள் சொல்கிறாள். மருத்துவத்தில் இடம் கிடைக்காவிட்டால் அவள் கதி என்ன என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பதற்றத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

மூளையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் கணிதம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்து, அப்புறம் உளவியலுக்கு மாறியவர். டாக்டர் அல்ல. 1953-இல் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக மூளையின் இரு பக்கமும், நினைவைப் பதிய வைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் கணிசமான அளவை அகற்றினார்கள். அதற்குப் பிறகு நடந்தது கிட்டத்தட்ட எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. மில்னர் அவரிடம் இரட்டைக் கோட்டில் வரைந்த ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்து, கையைப் பார்க்காமல் கண்ணாடியில் மட்டும் பார்த்து, கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். மூன்று நாளில் பிழைகள் மளமளவென்று குறைந்தன. ஆனால் முந்தின நாள் அதைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. கைக்குத் தெரிந்தது ஆளுக்குத் தெரியவில்லை! நினைவில் பல வகை உண்டு என்பது இப்படிப் பிழைகளை எண்ணி எண்ணித்தான் புரிந்தது.

மருந்து எழுதிக் கொடுத்து நோயைக் குணப்படுத்த ஆசை என்றால் மருத்துவம் படித்து, அப்புறம் நரம்பியலோ மனநல மருத்துவமோ படிக்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழி இல்லை. மில்னர் செய்ததைப் போல நோயாளியோடு உட்கார்ந்து சோதிக்க வேண்டும் என்றால் உளவியல் இளநிலை, முதுநிலை, அதன் பின் நரம்பு உளவியல் பயிற்சி. உரிம விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடங்களுக்கு இயற்பியல், கணினி படித்தவர்களும் வருகிறார்கள். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களைப் பேச வைக்கும் பேச்சு சிகிச்சைப் படிப்பு தனி. அது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. உளவியல் இளநிலைப் பட்டத்தோடு நிறுத்தினால் இந்தத் துறையில் பெரிதாக எதுவும் அமையாது. கதை கேட்டு மயங்கி வந்து, புள்ளியியல் பாடத்தில் இடறுகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

மகளிடம் ஒரு கண்ணாடியும் நட்சத்திரப் படமும் கொடுங்கள். தினம் பத்து முறை வரைந்து, கோட்டைத் தாண்டியதை எண்ணி ஒரு வாரம் குறித்து வைக்கட்டும். மூன்றாம் நாளே சலித்துவிட்டதா, இல்லை, இடது கையால் செய்தால் என்ன ஆகும் என்று அவளே கேட்கிறாளா? அதை எனக்கு எழுதுங்கள். எந்தப் படிப்பு என்று அப்புறம் பேசலாம்.