தற்சார்புப் பண்ணையில் ஐந்து நாள் மண்வீட்டுப் பயிற்சிக்குப் போகிறேன். எப்படித் தயாராவது?

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பண்ணையில் தங்கி இதே பயிற்சியை முடித்தவன் என்பதால் சொல்கிறேன். துணிமணி எடுத்து வைப்பதற்கு முன்னால், வீடு கட்ட நினைக்கும் உங்கள் நிலத்து மண்ணை இரண்டு கிலோ கட்டி வையுங்கள். மேல்மண்ணில் வேரும் மக்கும் கலந்திருக்கும், அது ஆகாது. ஓரடிக்குக் கீழே தோண்டி எடுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அந்த மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் அதன்மேல் மெதுவாக உட்காரும். களிமண் படிய ஒரு நாளாவது ஆகும். மூன்று அடுக்கின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். களி கூடினால் சுவர் காயும்போது வெடிக்கும், மணல் கூடினால் உதிரும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் அங்கே சொல்லித்தருவது எல்லாம் உங்கள் வீட்டைப் பற்றியதாகவே கேட்கும்.

நான் கொண்டுபோன மண்ணை அங்கிருந்த வயதான கொத்தனார் ஒரு பிடி எடுத்து நனைத்து, உள்ளங்கையில் கயிறு மாதிரி உருட்டி விரலில் சுற்றினார். அறுந்து போகவில்லை. "களி தூக்கல் தம்பி, இதுக்குப் பாதி மணல் சேத்தாத்தான் நிக்கும்" என்றார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே மூட்டை சுமந்தது தகும்.

அப்புறம் சுவரில் பூசும் சுண்ணாம்பு. இதில் கவனம் வேண்டும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த ரப்பர் கையுறையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே இருக்கும் என்று நம்ப வேண்டாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த பூச்சு வெண்ணெய் போல வழுக்கும், கையால் தடவிப் பார்க்க ஆசை வரும். நான் ஒரு மதியம் வெறுங்கையால் பூசினேன். ராத்திரி விரல் நுனியெல்லாம் வெடித்து, மறுநாள் சோறு பிசைய முடியவில்லை.

சேறு மிதிப்பது வெறுங்காலில்தான். காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறிய பிறகு போங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தால் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்து வேலை செய்கிறவர் என்றால் ஒரு வாரம் முன்பிருந்தே காலையில் அரை மணி நேரம் மண்வெட்டி பிடியுங்கள், இல்லையென்றால் இரண்டாம் நாளே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

மற்றபடி பழைய பருத்தித் துணி, துண்டு, தொப்பி, டார்ச், கொசுவலை போதும். கழிப்பறை உலர் முறையாக இருக்கலாம். தண்ணீருக்குப் பதில் மரத்தூளோ சாம்பலோ போட்டு மூடுவார்கள், ஒரு நாளில் பழகிவிடும்.

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் மறக்க வேண்டாம். மண் எத்தனை சட்டி, மணல் எத்தனை சட்டி, வைக்கோல் எவ்வளவு என்று கலக்கும்போதே எழுதுங்கள். சேற்றுக் கையோடு போனை எடுக்க முடியாது.