கரண்ட் போய் வந்தால் கறுப்புத் திரை: லினக்ஸ் கேள்வி பதில்

மழைக்காலம் தொடங்கிவிட்டது, கடிதங்களும் அதற்கேற்றபடியே வந்திருக்கின்றன. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். இடைவெளியும் கோடும் அச்சில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

எங்கள் பாடசாலை நூலகக் கணினியில் லினக்ஸ் மின்ட் இருக்கிறது. போன கிழமை மழையில் கரண்ட் மூன்று தடவை போய்ப் போய் வந்தது. அதன் பிறகு கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் "இனிட்ராம்எஃப்எஸ்" என்று வந்து நிற்கிறது. டவுனில் காட்டினால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளின் வேலைகள் உள்ளே இருக்கின்றன.
(ஆசிரியை, தலவாக்கலை)

அழிக்க விடாதீர்கள் டீச்சர். பெரும்பாலும் பத்து நிமிட வேலை இது.

கணினி எழும்பும்போது முதலில் ஒரு சின்னத் தற்காலிக அமைப்பு நினைவகத்தில் ஏறும். அதற்குத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்று பெயர். டிஸ்க்கைக் கண்டுபிடித்து, சரிபார்த்து, உண்மையான லினக்ஸிடம் ஒப்படைப்பது அதன் வேலை. மின்ட் வழக்கமாகப் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, செய்யப்போகும் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைக்கும். ஒரு தடவை கரண்ட் போனால் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. திருத்திக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் கரண்ட் போனால் சில வேளை கணக்கு உதைக்கும். அப்போது தானாக முடிவெடுக்காமல் மனிதரைக் கூப்பிடும். நீங்கள் பார்க்கும் திரை அந்தக் கூப்பாடுதான்.

அங்கே "எக்ஸிட்" என்று தட்டி என்டர் அழுத்துங்கள். பழுதான பகுதியின் பெயரோடு செய்தி மறுபடியும் வரும். "/டெவ்/எஸ்டிஏ2" போன்ற ஒரு பெயர் அதில் இருக்கும். அந்த எழுத்தையும் இலக்கத்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுடைய உதாரணத்தை அப்படியே தட்ட வேண்டாம், உங்கள் கணினியில் அது எஸ்டிஏ1 ஆகவோ எஸ்டிஏ5 ஆகவோ இருக்கலாம். பிறகு:

எஃப்எஸ்சிகே -வொய் /டெவ்/எஸ்டிஏ2

"-வொய்" என்பது கேட்கும் எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று பதில் சொல்லும். அது இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான தடவை நீங்களே வொய் விசையை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். டிஸ்க் பழையதென்றால் நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்தாதீர்கள். வானம் இருட்டியிருந்தால் அந்த வேலையை நாளைக்கு வைத்துக்கொள்வது நல்லது. முடிந்ததும் மறுபடியும் "எக்ஸிட்". டெஸ்க்டொப் வந்துவிடும். எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்று தெரியாமல் அநாதையான கோப்புகள் "லொஸ்ட்+ஃபவுண்ட்" என்ற கோப்புறைக்குள் வெறும் இலக்கப் பெயரோடு கிடக்கும். பிள்ளைகளின் வேலை ஏதாவது காணாமல் போயிருந்தால் முதலில் அங்கே தேடுங்கள்.

எழும்பிய பிறகு இரண்டாவது பிரச்சினை ஒன்று காத்திருக்கலாம். அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போயிருந்தால், அப்டேட் மேனேஜர் "டிபிகேஜி பாதியில் நின்றுவிட்டது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் முறைப்பாடு சொல்லும். டிபிகேஜி என்பது பொதிகளை, அதாவது மென்பொருள் மூட்டைகளை, நிறுவும் கருவி. டெர்மினலைத் திறந்து இந்த இரண்டையும் வரிசையாகத் தட்டுங்கள்:

சூடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ

சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டோல்

முதலாவது, அவிழ்த்து வைத்துவிட்டு அமைக்காமல் விட்ட பொதிகளை அமைக்கும். இரண்டாவது, ஒன்றையொன்று நம்பியிருக்கும் பொதிகளில் விடுபட்டதை இறக்கிச் சேர்க்கும். "லொக் கிடைக்கவில்லை" என்று வந்தால் பொறுங்கள். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததும் தானே விட்டுவிடும். லொக் கோப்பை அழித்துவிடுங்கள் என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். பொதிகளின் பதிவேட்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதிக் குழப்பாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. அதை உடைத்துத்தான் பலர் சின்னப் பழுதைப் பெரிய பழுதாக்கிக்கொள்கிறார்கள்.

அப்டேட்டில் புதிய கேர்னல் (லினக்ஸின் உட்கரு) பாதியில் நின்றிருந்தால் கணினி எழும்பாமலே போகலாம். இயக்கியவுடன் பழைய பயோஸ் (மதர்போட்டில் உள்ள ஆரம்ப மென்பொருள்) கணினியில் ஷிஃப்ட் விசையைப் பிடித்திருங்கள். அதன் புதிய வகையான யூஇஎஃப்ஐ உள்ள கணினி என்றால் எஸ்கேப்பைத் தட்டுங்கள். அப்போது வரும் க்ரப் என்ற தொடக்கப் பட்டியலில் "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" உள்ளே முந்திய கேர்னல் இருக்கும். அதில் எழுப்பி, மேலே சொன்ன இரண்டு கட்டளைகளையும் ஓட்டுங்கள்.

இன்னொன்று. திரையில் "யூயூஐடி இல்லை" என்ற பொருளில் எச்சரிக்கை வந்திருந்தால் கதையே வேறு. யூயூஐடி என்பது டிஸ்க் பகுதியின் அடையாள எண். டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்று அர்த்தம். எஃப்எஸ்சிகே அதற்கு உதவாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கை மதர்போட்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை இரண்டு பக்கமும் எடுத்துத் திரும்ப அழுத்திச் சொருகுங்கள். பனியும் ஈரமும் உள்ள ஊரில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கணினிக்கு இது அடிக்கடி வரும்.

ஒவ்வொரு மின்வெட்டுக்கும் இப்படியே நடந்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். "டிஸ்க்ஸ்" செயலியில், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் தரவைப் பாருங்கள். "கரண்ட் பென்டிங் செக்டர்" என்ற வரியில் பூச்சியத்துக்கு மேல் இருந்து, கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டு போனால் அன்றைக்கே பென் டிரைவில் எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். (இந்தக் "கரண்ட்" மின்சாரம் அல்ல, "தற்போதைய" என்பது.) ஒரு சின்ன யூபிஎஸ் வாங்க முடிந்தால் வாங்குங்கள். அது வேலையைத் தொடர்வதற்கல்ல, ஒழுங்காக நிறுத்துவதற்கு. இடி இடிக்கும்போது யூபிஎஸ்ஸை மட்டும் நம்பாமல் சுவர் பிளக்கையும், ரவுட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வயர் வழியாகவும் வரும்.

பாடசாலை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் அப்டேட் எதுவும் வேலை செய்யவில்லை. "ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்கிறது. சில இணையத்தளங்களும் பாதுகாப்பில்லை என்று மறுக்கின்றன. நெட் இருக்கிறது.
(கணினிக்கூடப் பொறுப்பாளர், பண்டாரவளை)

மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். விடுமுறைக்குப் பூட்டிய நாளிலேயே நிற்கும்.

மதர்போட்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசுப் பற்றரி செத்துவிட்டது. விண்டோஸில் இப்படி நடந்தால் வருடமே பல வருடம் பின்னுக்குப் போகும், உடனே பிடிபடும். இன்றைய லினக்ஸில், கணினியை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டி கடைசியாகத் தெரிந்த நேரத்தை டிஸ்க்கில் எழுதி வைத்து, அதற்கு முந்தாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் கடிகாரம் ஏறக்குறைய சரிபோலத் தோன்றும். ஒரு மாதம் பிந்தியிருப்பது கண்ணில் படாது. நேற்றுக் கையெழுத்திட்ட பொதிப் பட்டியலை, போன மாதத்தில் நிற்கும் கணினி "இது எதிர்காலத்துக் கோப்பு" என்று தள்ளுகிறது. இணையத்தளச் சான்றிதழ்களுக்கும் அதே கதி.

பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, கூட்டல் குறி மேலே இருக்கும்படி புதிய பற்றரியைப் போடுங்கள். பயோஸுக்குள் போய்த் திகதியை மாற்றும்போது சாட்டா பயன்முறையையும் பாருங்கள். பற்றரி போனதோடு பயோஸின் மற்ற அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்.

கடிகாரம் சரியாக ஐந்தரை மணித்தியாலம் மாறினால் அது பற்றரி அல்ல. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கிறது என்று அர்த்தம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் இலங்கை நேரத்தில் வைக்கும். "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்று ஒரு தடவை தட்டினால் சண்டை தீரும்.

எங்கள் டிவிஷனில் சிக்னலே இல்லை. வாசிகசாலைக் கணினியில் டெபியன் லினக்ஸ் இருக்கிறது. ஹட்டனுக்குப் பென் டிரைவ் கொண்டுபோய் அப்டேட் எடுத்து வர வழி உண்டா?
(இளைஞர் கழகச் செயலாளர், மஸ்கெலியா)

உண்டு. "ஆப்ட்-ஓஃப்லைன்" என்ற பொதி இதற்கென்றே இருக்கிறது. அதை நிறுவ மட்டும் ஒரே ஒரு தடவை கணினியைச் சிக்னல் உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

பிறகு வாசிகசாலையில் "சூடோ ஆப்ட்-ஓஃப்லைன் செட்" என்று தட்டி, ஒரு கோப்புப் பெயரும் "--அப்டேட்" என்பதும் சேர்த்தால், என்னென்ன தேவை என்ற சீட்டு ஒன்று கோப்பாக வரும். அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போங்கள். அங்கே "ஆப்ட்-ஓஃப்லைன் கெட்", சீட்டின் பெயர், "--பண்டில்", ஒரு சிப் கோப்பின் பெயர் என்று கொடுத்தால் தேவையானதை இறக்கிக் கட்டித் தரும். அந்தக் கணினி விண்டோஸாக இருந்தாலும் பைதனும் ஆப்ட்-ஓஃப்லைனும் இருந்தால் போதும். திரும்பி வந்து "சூடோ ஆப்ட்-ஓஃப்லைன் இன்ஸ்டோல்" என்று சிப் கோப்பைக் கொடுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: முதல் பயணத்தில் வருவது பட்டியல் மட்டும். புதிய பட்டியல் கணினிக்குள் வந்த பிறகுதான் எந்தப் பொதி பழசு என்று அதற்கே தெரியும். ஆகவே இரண்டாவது சீட்டை "--அப்கிரேட்" போட்டு எடுத்து, இரண்டாவது தடவை டவுனுக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே சீட்டில் கேட்டால் பழைய பட்டியலில் உள்ள பொதிகளைத் தேடும். அவை சேவையகத்தில் இருக்காது, பிழை வரும். மாதச் சந்தைக்கு ஒரு தடவை, சம்பள நாளுக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு கணினிக்கும் ஒரே டொங்கிள். அப்டேட் விட்டால் டேட்டா முடிந்துவிடுகிறது.
(பொகவந்தலாவை)

ஒரு கணினியில் "ஆப்ட்-கேச்சர்-என்ஜி" நிறுவுங்கள். முதல் கணினி இறக்கும் பொதி அங்கே தங்கிவிடும், மற்றப் பதினொன்றும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்தக் கணினிக்கு ரவுட்டரில் நிலையான முகவரி கொடுங்கள். 192.168.1.10 என்று வைத்துக்கொண்டால், மற்றக் கணினிகளில் "/இடிசி/ஆப்ட்/ஆப்ட்.கொன்ஃப்.டி" கோப்புறைக்குள் ஒரு புதிய கோப்பில் இந்த ஒரு வரி போதும்:

அக்வயர்::எச்டிடிபி::ப்ரொக்ஸி "எச்டிடிபி://192.168.1.10:3142";

கடைசி அரைப்புள்ளியை விட்டால் ஆப்ட் ஓடவே ஓடாது. பொதிகள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் மூலப் பட்டியலில் முகவரிகள் "எச்டிடிபிஎஸ்" என்று இருந்தால் அவை சேமிக்கப்படாது. எஸ் எழுத்தை எடுத்துவிடுங்கள். பயப்பட வேண்டாம், பொதிகள் கையெழுத்தால் சரிபார்க்கப்படுகின்றன. சேமிக்கும் கணினி அணைந்திருந்தால் மற்ற எதுவும் அப்டேட் ஆகாது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

டெபியன் 11 இலிருந்து நேரே 13க்குப் போகலாமா?
(ஹப்புத்தளை)

கூடாது. 11, 12, 13 என்று படிப்படியாகத்தான். ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிப்பதை டெபியன் ஆதரிப்பதில்லை. 12க்கு வரும்போது மூலப் பட்டியலில் "நொன்-ஃப்ரீ-ஃபேம்வெயர்" என்ற சொல்லைச் சேர்க்க மறந்தால் வைஃபை ஃபேம்வெயருக்கு (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருளுக்கு) அப்டேட் நின்றுவிடும். அந்தப் பதிப்பில்தான் அது தனிப் பிரிவானது. 13க்குப் போக முன் "/பூட்" தனிப் பகுதியாக இருந்தால் அளவைப் பாருங்கள். 768 எம்பி அளவும் அதில் 300 எம்பி வெற்றிடமும் வேண்டும்.

எங்களுடையது பழைய 32 பிட் கணினி. டெபியன் 13 போடலாமா?
(வெலிமடை)

13இல் 32 பிட் பிசிக்கு நிறுவும் மென்பொருளே இல்லை, 12தான் கடைசி. ஆனால் உண்மையிலேயே 32 பிட்தானா? விண்டோஸ் 7 32 பிட் போட்டிருந்ததை வைத்துச் சொல்கிறார்கள் பலர். கோர் 2 டியோவே 64 பிட் செயலி. பென் டிரைவிலிருந்து ஏதாவது லினக்ஸை எழுப்பி "எல்எஸ்சிபியூ" என்று தட்டுங்கள். இரண்டாவது வரியில் 64 பிட் என்று இருந்தால் 13 ஓடும். நினைவகம் 2 ஜிபிதான் என்றால் இலேசான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டொப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கம்பெனியே இல்லாமல் யார் இதைப் பார்த்துக்கொள்கிறார்கள்? பிழையை யாரிடம் சொல்வது?
(உயர்தர மாணவர், பதுளை)

டெபியனை 1993 ஓகஸ்டில் இயன் மேர்டொக் தொடங்கினார். இன்றைக்கு ஒவ்வொரு பொதிக்கும் அதைப் பொறுப்பேற்ற ஆளோ குழுவோ உண்டு. நம் நாட்டிலும் ஃபெடோராவை அடிப்படையாக வைத்து ஒரு லினக்ஸ் செய்தார்கள். கண்டி ஹந்தானை மலையின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.

டெபியனில் "ரிப்போர்ட்பக்" என்று தட்டினால் பொதியின் பதிப்பு இலக்கங்களைத் தானே சேர்த்துக் கடிதம் எழுத உதவும். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், திரையில் எழுத்துக்கு எழுத்து என்ன வந்தது என்ற மூன்றும் வேண்டும். திடீரென்று அணைந்த கணினி என்றால் "ஜேர்னல்சிடிஎல் -பி -1" முந்திய தடவை நடந்ததைக் காட்டும் (பூட் என்பதன் முதல் எழுத்துத்தான் இந்தப் பி). அதன் கடைசி இருபது வரியைச் சேருங்கள்.

பாமினியில் தட்டிய பழைய கடிதங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன.
(சங்கக் காரியாலயம், நோர்வூட்)

கோப்புகள் கெடவில்லை. பாமினி எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கி நிறுவினால் பழையபடி தெரியும். புதிய கடிதங்களை யூனிகோடில் எழுதுங்கள். "ஐபஸ்-எம்17என்" பொதியை நிறுவி, வெளியேறித் திரும்ப நுழைந்தால் தமிழ்ப் பட்டியலில் தமிழ் 99, தட்டச்சு, ரெங்கநாதன் என்று விசைப்பலகைகள் இருக்கும். பழைய கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றினால் ஸ்ரீ, ஜ, ஷ வரும் இடங்களைக் கண்ணால் ஒரு தடவை பாருங்கள்; மாற்றிகள் அங்கேதான் சறுக்கும்.

எச்பி லேசர்ஜெட் 1020 பிரின்டர். நேற்று அச்சடித்தது, இன்று அசையவில்லை.
(கொமியூனிகேஷன் கடை, நானுஓயா)

இந்த மொடலுக்குத் தன் ஃபேம்வெயரைச் சேமிக்க இடமில்லை. ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். "எச்பிலிப்" நிறுவி, நெட் இருக்கும்போது "எச்பி-ப்ளகின்" ஓட்டுங்கள். பிறகு கணினி எழும்பிய பின் பிரின்டரை இயக்குங்கள்.