ஓட விடுவதா, வீசுவதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 'மேடன்' அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமில் ஆர்.பி.ஓ. (ரன்-பாஸ் ஆப்ஷன், அதாவது ஒரே ஆட்டத்தில் ஓட விடவோ வீசவோ தேர்ந்தெடுக்கும் உத்தி) ஆடும்போதெல்லாம் 'இனெலிஜிபிள் மேன் டவுன்ஃபீல்ட்' (பாஸ் பிடிக்கத் தகுதியில்லாதவர் முன்னே போய்விட்டார்) என்று பெனால்டி விழுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: தாமதமாக வீசுகிறீர்கள். ரன்-பாஸ் ஆப்ஷனில் முன்வரிசைத் தடுப்பாளர்கள் 5 பேரும் ஓட்டத்துக்கே தடுக்கிறார்கள். ஸ்னாப் ஆனதும் (பந்து பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கியதும்) எதிராளியைத் தள்ளிக்கொண்டு முன்னேறுவார்கள். பாஸ் கையைவிட்டுப் போவதற்குள் அவர்கள் பந்து வைக்கப்பட்டிருந்த கோட்டைத் தாண்டி 1 கெஜத்துக்கு மேல் போய்விட்டால், என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறை லீக்) விதிப்படி 5 கெஜம் தண்டம். கல்லூரி விதியில் 3 கெஜம் வரை விட்டுவிடுவார்கள். கல்லூரி ஆட்டத்தில் ஆர்.பி.ஓ. அதிகம் புழங்க இதுவும் ஒரு காரணம். ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) பட்டனை உடனே அழுத்துங்கள். நேரம் தவறினால் வீசவே வீசாதீர்கள்.

கேள்வி: அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிவெடுப்பது?

பதில்: பாதி முடிவை ஸ்னாப்புக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பந்துக்கு எதிரே, முன்வரிசையின் அகலத்துக்குள் நெருங்கி நிற்கும் எதிராளிகளை எண்ணுங்கள். அந்த இடம்தான் 'பாக்ஸ்'. டைட் எண்டையும் (முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) சேர்த்து உங்களிடம் தடுக்க 6 பேர், எதிரே 6 அல்லது அதற்குக் குறைவு என்றால் ஓட விடுங்கள். 7 பேர் என்றால் வெளியே ஓர் ஆள் குறைகிறான், வீசுங்கள்.

மீதி, ஆர்.பி.ஓ. எந்த வகை என்பதைப் பொறுத்தது. 'அலெர்ட்' வகையில் ஸ்னாப்புக்குப் பின் யோசிக்க ஒன்றுமில்லை. பபிள் ஸ்கிரீன் (ஓரத்தில் நிற்கும் ரிசீவருக்கு உடனே வீசும் குட்டைப் பாஸ்) பக்கம் உங்கள் ஆட்கள் 3, அவர்கள் 2 என்றால் உடனே வீச்சு. கார்னர்பேக் (ரிசீவரை மறிக்கும் எதிராளி) ரிசீவரின் முகத்துக்கு நேரே ஒட்டி நின்றால் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். 'பீக்' வகையில் ஒரே ஒரு லைன்பேக்கரை (எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) பாருங்கள். ஓட்டத்தை நம்பி அவன் முன்னே வந்தால், அவன் விட்டுவந்த இடத்தில் ஸ்லாண்ட் (குறுக்காக உள்ளே ஓடிவரும் ரிசீவருக்கு வீசும் பாஸ்) திறக்கும். பிலடெல்பியா ஈகிள்ஸ், 2018 பிப்ரவரியில் சூப்பர் பவுல் (என்.எஃப்.எல். இறுதிப் போட்டி) வென்ற பருவத்தில், இந்த ஏமாற்றைத்தான் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) நிக் ஃபோல்ஸை வைத்து நன்றாகப் பயன்படுத்தியது. 'ரீட்' வகையில் 'ஆர்' எழுத்து தலைக்கு மேல் தெரிபவனை யாரும் தடுக்க மாட்டார்கள். அவன் ரன்னிங் பேக்கின் (பந்தை வாங்கி ஓடுபவர்) மேல் பாய்ந்தால் பந்தைக் குவார்ட்டர்பேக்கே வைத்துக்கொள்ளட்டும். தயங்கி நின்றால் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரிடம் ஜெயிக்கிறேன். ஆன்லைனில் என் ஸ்லாண்ட் ஒவ்வொன்றையும் எதிராளி பிடித்துவிடுகிறார்!

பதில்: அவர் லைன்பேக்கரைத் தானே இயக்கிக்கொண்டு அந்த இடத்தில் காத்திருக்கிறார். ஓட்டத்தை நம்புவதுபோல் ஓரடி முன்னே வைப்பார், ஏமாறாதீர்கள். அவர் நடுவில் நின்றால் பந்தைக் கொடுத்து ஓட விடுவதே நல்லது. ஸ்னாப்புக்கு முன் ஒரு ரிசீவரைக் குறுக்கே நகர்த்திப் பாருங்கள். ஒருவன் பின்னாலேயே ஓடிவந்தால் பெரும்பாலும் மேன் கவரேஜ் (ஆளுக்கு ஆள் காவல்). அப்போது பபிள் ஸ்கிரீன் வேலைக்காகாது. அதே ஃபார்மேஷனில் (ஆட்கள் நிற்கும் அமைப்பில்) சாதாரண ஓட்டத்தையும், ஓட்டம்போல் காட்டி வீசும் பிளே-ஆக்‌ஷனையும் கலந்து ஆடுங்கள். ஒரே ஆர்.பி.ஓ.வை அடுத்தடுத்து மூன்று முறை அழைத்தால், நான்காவது முறை அவர் பந்து வரும் இடத்துக்கு முன்னதாகவே போய் நின்றிருப்பார்.