கோடு இழுத்தால் நெஞ்சுக் கனம் குறையுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 7 மாதங்களுக்கு முன் என் மனைவி புற்றுநோயில் தவறிவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு அழுகையே வரவில்லை. நெஞ்சில் கல் வைத்த மாதிரி ஒரு கனம் மட்டும் இருக்கிறது. ஈசிஜி எடுத்துப் பார்த்து இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். இரவில் கொஞ்சம் குடித்தால்தான் தூக்கம். ‘யாரிடமாவது மனம் விட்டுப் பேசு’ என்கிறார்கள். பேச உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, ‘தினமும் 5 நிமிஷம் எதையாவது கிறுக்குங்க அப்பா, மனசு லேசாகும்’ என்கிறாள். எனக்குப் படம் வரைய வராது. கிறுக்கினால் துக்கம் ஆறுமா டாக்டர்?

பதில்: ஐயா, உங்கள் மகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. செய்து பாருங்கள். ஆனால் நோட்டைத் திறப்பதற்கு முன் வேறொரு வேலை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

52 வயதுக்காரருக்கு நெஞ்சு கனக்கிறது என்றால், ‘மனைவி இறந்த துக்கம்தான்’ என்று நான் உடனே முடிவு கட்ட மாட்டேன். படுத்த நிலையில் எடுத்த ஈசிஜி சரியாக இருந்தாலும் இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்க முடியும். மாடிப்படி ஏறினால் கனம் கூடுகிறதா, உட்கார்ந்தால் குறைகிறதா, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, கூடவே வியர்க்கிறதா என்று கவனியுங்கள். ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் இதய மருத்துவரைப் பார்த்து எக்கோ, டிரெட்மில் பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். திடீரென்று கனம் கூடி வியர்த்துக் கொட்டினால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, ஹீமோகுளோபின் நான்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பட்டறைக்காரர் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். பற்றவைக்கப் பயன்படுத்தும் பொடியில் காட்மியம் கலந்திருந்தால் அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இருமலோ மூச்சு வாங்குவதோ இருந்தால், உங்கள் தொழிலைச் சொல்லி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நோட்டுக்கு வருவோம்.

பேச உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை என்று எழுதிய நீங்கள்தான், ‘நெஞ்சில் கல்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் கேட்கிறேன். அது எவ்வளவு பெரியது? ஆட்டுக்கல் அளவா, கைக்குள் அடங்குகிற கூழாங்கல்லா? சுண்ணாம்புக் கரட்டில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் மாதிரி முனை முனையாக இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா? நெஞ்சின் நடுவிலா, ஒரு பக்கமாகவா? காலையில் ஓர் அளவு, பட்டறையைப் பூட்டும் நேரத்தில் வேறோர் அளவு என்று மாறுகிறதா? இவற்றுக்கெல்லாம் வாயால் பதில் சொல்லச் சொன்னால் திணறுவீர்கள். பேனாவைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவீர்கள். உங்கள் மகள் சொல்லும் ‘கிறுக்கல்’ இதுதான்.

பேசுவதற்கு ஒரு வரிசை வேண்டியிருக்கிறது. எதை முதலில் சொல்வது, எதை அப்புறம் சொல்வது, கேட்பவர் என்ன நினைப்பார், நடுவில் குரல் உடைந்தால் என்ன செய்வது என்று ஆயிரம் கணக்கு. ஆண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையாக இருப்பதை என் அறையில் தினமும் பார்க்கிறேன். இழுக்கிற கோட்டுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது.

ஏற்காட்டிலிருந்து என்னிடம் வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும் வேலை அவருக்கு. மலைப்பாதையில் நடந்த பைக் விபத்தில் மகன் போய்விட்டான். இரண்டு தடவை வந்தும் மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை ஒரு தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தி, ‘பேச வேண்டாம்மா. மேலிருந்து சேலத்துக்கு இறங்கி வந்த வழியை மட்டும் கோடாக இழுங்க’ என்றேன். அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவர் ஒவ்வொன்றாக வளைத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பேனா நின்றது. அதே இடத்தில் அழுத்தி அழுத்திச் சுற்றினார், தாள் கிழிந்துவிட்டது. ‘இங்கதான் டாக்டர்’ என்றார். அதற்கப்புறம் அரை மணி நேரம் அழுதார், பேசினார், மறுபடி அழுதார்.

அந்த ஒரு தாளோடு அவருக்கு எல்லாம் குணமாகிவிடவில்லை. மாத்திரையும் தேவைப்பட்டது, பல மாதங்கள் வந்துபோனார். ஆனால் சிகிச்சை தொடங்கியது அன்றுதான். அவரிடம் நான் ‘உங்கள் மகனை வரையுங்கள்’ என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டிருந்தால் பேனாவைத் தொட்டிருக்கவே மாட்டார்.

இது நான் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை. ஆட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938-இல் காசநோய்க்காக மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருந்தபோது, படுக்கையில் இருந்தபடியே கண்ணில் பட்டதை வரைந்து மனதைத் தேற்றிக்கொண்டார். பிறகு பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் வரைய வைத்தார். ‘ஓவிய சிகிச்சை’ என்ற பெயரை 1942-இல் முதலில் பயன்படுத்தியவரும் அவர்தான். ‘எனக்கு வரைய வராது’ என்கிற உங்கள் பயத்துக்கு அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில் பதில் இருக்கிறது. 2016-இல் வெளிவந்தது. 39 பேரை 45 நிமிடம் விருப்பம்போல வரையவும் களிமண் பிசையவும் விட்டு, முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தில் கூடுகிற ஹார்மோன் அது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அளவு குறைந்திருந்தது. ஏற்கெனவே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்று அதில் பெரிய வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. அதனால் அதைப் பெரிய நிரூபணமாக நான் காட்ட மாட்டேன். ஆனால் நான் நோயாளிகளிடம் பார்ப்பதும் அதுதான்.

‘வரைந்தால் வலது மூளை திறக்கும், துக்கம் வெளியே போகும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வரையும்போது இரண்டு பக்க மூளையும்தான் வேலை செய்கிறது. நடப்பது அதைவிட எளிமையானது. கண்ணும் கையும் ஒரே வேலையில் இருக்கும்போது, மனம் ஒரே நினைவைச் சுற்றிச் சுற்றி அரைப்பது கொஞ்சம் நிற்கிறது. உள்ளே உருவமில்லாமல் கிடந்தது தாளில் ஓர் உருவமாக, உங்களுக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறது. தள்ளி நிற்பதற்கு ஒரு பெயர் வைக்க முடிகிறது. உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும்போது மூளையில் பயத்தையும் பதற்றத்தையும் கிளப்புகிற அமிக்டலா அடங்குவதை 2007-இல் கலிபோர்னியாவில் ஸ்கேன் மூலம் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் வரைந்து முடித்ததும் கீழே ஒரே ஒரு சொல் எழுதச் சொல்லப் போகிறேன்.

எப்படிச் செய்வது? மகள் வாங்கிக் கொடுத்த நோட்டு நல்ல நோட்டாக இருந்தால் அதைத் தொடவே உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். பட்டறை பில் புத்தகத்தின் பின்பக்கம் போதும். பால்பாயிண்ட் பேனா எடுங்கள். பென்சில் வேண்டாம், பென்சில் இருந்தால் ரப்பரைத் தேடுவீர்கள். போனில் 3 நிமிடம் அலாரம் வையுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கோடு மேலே போகட்டும், விடும்போது கீழே வரட்டும். நாலைந்து மூச்சு போனதும் கை தானாக எங்கேயாவது திரும்பும், திரும்பட்டும். அலாரம் அடித்ததும் நிறுத்தி, தேதி போட்டு, மனதில் முதலில் வருகிற சொல்லை எழுதி மூடிவிடுங்கள். ‘கோபம்’, ‘பசி’, ‘ஆஸ்பத்திரி வாசனை’ என்று எது வந்தாலும் சரி.

உங்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. முப்பது வருஷமாகக் கொலுசு செய்த கை, தாளைப் பார்த்ததும் டிசைன் போட ஆரம்பித்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று கண் அளவெடுக்கும். கம்பி இழுக்கும்போது அந்தக் கவனம் வேண்டும், இங்கே வேண்டாம். அதனால் இடது கையால் இழுங்கள், அல்லது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கோலத்துக்காவது புள்ளிக் கணக்கு உண்டு, இதற்கு அதுவும் இல்லை.

தினமும் கல்லையே வரையாதீர்கள். இது முக்கியம். சோகமான மனநிலையில் இருந்தவர்களை வரையச் சொல்லிப் பார்த்த ஆய்வுகளில், அந்தச் சோகத்தையே வரைந்தவர்களைவிட, சம்பந்தமில்லாத வேறொன்றை வரைந்தவர்களுக்குத்தான் மனம் உடனே அதிகம் தேறியது. வாரத்தில் இரண்டு நாள் நெஞ்சுக் கல், மற்ற நாட்களில் வெளியே இருக்கும் பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ டம்ளர், பட்டறை ஊதுகுழல், எதிர்க்கடையின் ஷட்டர். ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் ஏற்காட்டுக்குப் போய் ஏரிக்கரையில் உட்காருங்கள். நேராக நிற்கும் சில்வர் ஓக் மரமும் அதில் சுற்றி ஏறும் மிளகுக் கொடியும் வரையத் தெரியாதவருக்கு ரொம்ப வசதியான படம். ஒரு நேர்க்கோடு, அதைச் சுற்றி ஒரு நெளிகோடு, அவ்வளவுதான். பல வாரம் கழித்து, உங்களுக்கே தோன்றினால், உங்கள் மனைவி புழங்கிய ஒரு பொருளை வரையலாம். தோன்றாவிட்டால் வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, பட்டறையைப் பூட்டியதும் வீட்டுக்குக் கிளம்பும் முன் செய்யுங்கள். பாட்டிலைத் திறக்கும் நேரத்துக்கு முன்னால் இது நடக்க வேண்டும். குடி உங்களைச் சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைக்கும், மனச்சோர்வைக் கூட்டும். அழுகை வராமல் மரத்துக் கிடப்பதற்கும் அதில் பங்கிருக்கலாம். தினமும் அதிகமாகக் குடிப்பவர் என்றால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் அளவை மறைக்காமல் சொல்லி, மருந்தோடு குறைத்து நிறுத்துங்கள்.

வரையும்போது ஒருநாள் அழுகை பொத்துக்கொண்டு வரலாம். வரட்டும். மூச்சு முட்டுகிற மாதிரி ஆனால் பேனாவை வைத்துவிட்டு, பாதம் இரண்டையும் தரையில் அழுத்தி, சுற்றிலும் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு படத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு நோட்டை மூடுங்கள். கறுப்பாக இருந்தால் இந்த நோய், சுழி வந்தால் அந்தக் குணம் என்று பலன் சொல்பவர்களிடம் அந்தத் தாளைக் காட்ட வேண்டாம். ஒருவர் கிறுக்கியதை வைத்து அப்படி நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

நோட்டு மட்டும் போதாத நிலைகளும் உண்டு. துக்கம் நோய் இல்லை. ஆனால் 6 மாதம் தாண்டியும் ஏக்கம் ஒவ்வொரு நாளையும் முடக்கிப் போட்டால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனிப் பெயரும், மருத்துவ உலகில் அதற்கென்று சிகிச்சையும் இருக்கின்றன. நீங்கள் 7-வது மாதத்தில் இருக்கிறீர்கள். சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது, பட்டறையில் கை ஓடவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று 2 வாரம் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ‘அவளோடு போய்விடலாம்’ என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இன்னொரு விஷயம். வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் தன்னிடம் வரும் பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு விளையாடுவார். அவர் ஒரு கிறுக்கல் போடுவார், பிள்ளை அதை ஏதாவது ஒரு உருவமாக மாற்ற வேண்டும். அப்புறம் பிள்ளை கிறுக்கும், அவர் மாற்றுவார். அடுத்த தடவை மகள் வீட்டுக்கு வரும்போது சாப்பிட்டு முடித்துவிட்டு நீங்கள் இருவரும் அதைச் செய்யுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். உங்களுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்த பெண்ணுக்கும் அம்மா போய் 7 மாதம்தான் ஆகிறது. பெங்களூரில் தனி அறையில் அவள் எப்படித் தூங்குகிறாள் என்று கேட்டீர்களா? கேளுங்கள்.

4 வாரம் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள். படங்களை அனுப்ப வேண்டாம், அவை உங்களுடையவை. பரிசோதனை முடிவுகளையும், இரவில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்பதையும், அந்தக் கல் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்பதையும் எழுதினால் போதும்.