மாணவர் போராட்டச் செய்திகளில் ஊடகச் சார்பு என்றால் என்ன, அது ஏன் வருகிறது?

நடந்தவற்றுள் எதைச் சொல்வது, எதை விடுவது, யாருடைய பேச்சை முதலில் வைப்பது என்னும் தேர்வு தொடர்ந்து ஒரே பக்கம் சாய்வதே ஊடகச் சார்பு.

2024 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள், இஸ்ரேலுடன் தொடர்புடைய நிறுவனங்களில் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் முதலீடுகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று கோரி, வளாகப் புல்வெளியில் கூடாரமிட்டு அமர்ந்தார்கள். மறுநாளே நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அதன்பின் பல தொலைக்காட்சிச் செய்திகளில் கைதுக் காட்சிகள் முன்னே வந்தன. முதலீடு பற்றிய கோரிக்கை பின்னுக்குப் போயிற்று. பக்கத்து வீட்டில் பாத்திரம் உடைந்த சத்தத்தை மட்டும் கேட்டவர், அந்த வீட்டில் மாதக்கணக்கில் நடந்த பிணக்கை அறியாமலே தீர்ப்புச் சொல்வதைப் போன்றது இது.

காரணம் பெரும்பாலும் வேலை நடக்கும் விதத்திலேயே இருக்கிறது. காவல்துறைக்கும் நிர்வாகத்துக்கும் செய்தித் தொடர்பாளர்கள் உண்டு. அவர்களின் அறிக்கை உடனே கைக்கு வந்துவிடும். மாணவர்களுக்கோ ஒற்றைக் குரல் கிடையாது. பின்விளைவுக்கு அஞ்சிப் பலர் பேசவே மறுப்பார்கள். நேரில் பார்க்கவும் எப்போதும் வழியிருப்பதில்லை: ஏப்ரல் 30 இரவு, போராட்டக்காரர்கள் கைப்பற்றியிருந்த ஹாமில்டன் மண்டபம் என்னும் கொலம்பியா வளாகக் கட்டடத்துக்குள் காவல்துறை நுழைந்தபோது, வெளியிலிருந்து வந்த செய்தியாளர்கள் வளாகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர், உள்ளிருந்து நேரலையில் செய்தி சொன்னது மாணவர் வானொலியான டபிள்யூ.கே.சி.ஆர். அந்த மாணவர்களின் உழைப்பு பெரிதும் பாராட்டத்தக்கது.

சார்பு எதிர்த்திசையிலும் வரும். வளாகத்தில் அச்சத்தோடு இருந்ததாகச் சொன்ன யூத மாணவர்களின் முறையீட்டை விட்டுவிட்டு எழுதுவதும் சார்பே.

சார்பு என்றாலே பொய்ச் செய்தி என்று பலர் எண்ணுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும் செய்தியும் சார்புடையதாக இருக்கலாம்.