16 பிட்டா, 32 பிட்டா?

கேள்வி: மோட்டரோலா 68000 பிராசஸரை ஒரு புத்தகம் 16 பிட் என்கிறது, இன்னொன்று 32 பிட் என்கிறது. எதை நம்புவது? வேர்டு சைஸை, அதாவது பிராசஸர் ஒரே எண்ணாகக் கையாளும் அகலத்தை, எங்கே பார்த்துச் சொல்ல வேண்டும்?

பதில்: நான் 32 என்பேன். ஆனால் 16 என்று எழுதியவர் எங்கே பார்த்து அப்படிச் சொன்னார் என்று தெரிந்தால்தான் குழப்பம் தீரும். 1979-ல் வந்த அந்தச் சிப்பில் தரவு ரிஜிஸ்டர்கள் (கணக்குப் போடும் எண்களைச் சிப்புக்குள் வைத்திருக்கும் இடங்கள்) எல்லாம் 32 பிட், இரண்டு 32 பிட் எண்களைக் கூட்ட ஒரே கட்டளை போதும். உள்ளே நடப்பது வேறு. கூட்டும் சுற்று 16 பிட் அகலம்தான் என்பதால் முதலில் கீழ்ப்பாதியைக் கூட்டி, அதில் வந்த கேரியை (மிஞ்சி அடுத்த இடத்துக்குப் போகும் இலக்கத்தை) மேல்பாதிக்குக் கொண்டுபோய், அப்புறம் அதையும் கூட்டி முடிக்கிறது. மெமரிக்கும் சிப்புக்கும் இடையே தரவு போய்வரும் பாதையான டேட்டா பஸ்ஸும் 16 பிட், ஆக 32 பிட் எண்ணை எடுத்துவர இரண்டு நடை. புரோகிராம் எழுதுகிறவர் கண்ணில் இதெல்லாம் படாது. நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

புரோகிராமருக்குத் தெரிகிற பக்கம்தான் ஆர்க்கிடெக்சர். வேர்டு சைஸ் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர்கள் ஐபிஎம் சிஸ்டம்/360 கணினி வரிசையை வடிவமைத்த ஆம்டால், ப்ளாவ், ப்ரூக்ஸ் மூவரும், 1964-லேயே. அந்த வரிசையில் சிறிய மாடல் 30 ஒரு நேரத்துக்கு 8 பிட்டாகத்தான் வேலை பார்த்தது. பெரிய மாடல் 75 மெமரியிலிருந்து 64 பிட்டை ஒரே மூச்சில் எடுத்தது. இரண்டுக்கும் வேர்டு 32 பிட்தான்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது பிரமிப்புதான்.

பஸ்ஸை வைத்து அளந்தால் 1993-ல் வந்த இன்டெல் பென்டியம் பிராசஸரை 64 பிட் என்று சொல்ல வேண்டிவரும், அதன் ரிஜிஸ்டர்களோ 32 பிட். சந்தேகம் வந்தால் இப்படி யோசித்துப் பாருங்கள்: அந்த அகலத்தை மாற்றினால் அதே புரோகிராமின் விடை மாறுமா, ஓடும் நேரம் மட்டும் மாறுமா? நேரம் மட்டும் என்றால் அது ஹார்டுவேர் சமாச்சாரம்.

சரி, இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 68000-இன் கையேட்டிலேயே ‘வேர்டு’ என்றால் 16 பிட், 32 பிட்டுக்கு ‘லாங் வேர்டு’ என்று பெயர். இன்டெல் கையேடுகளிலும் பழைய 8086 பிராசஸர் காலத்து 16 பிட் ‘வேர்டு’ இன்றுவரை அப்படியே தொடர்கிறது. அதனால் கையேட்டில் அந்தப் பெயரைத் தேடாதீர்கள், ரிஜிஸ்டரின் அகலத்தைப் பாருங்கள்.