பதிவழித்த கடனைத் திருப்பிக் கேட்கலாமா?

களுவாஞ்சிகுடி உரக்கடைக்கார அண்ணனுக்கு: கணக்காளர் 40,000 ரூபாயை ‘அறவிட முடியாக் கடன்’ என்று பதிவழித்துவிட்டார், இனி அந்த வாடிக்கையாளரிடம் கேட்கலாமா என்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். பதிவழிப்பது உங்கள் ஏட்டுக்குள் நடக்கும் வேலை. வராத காசைச் சொத்தாகக் காட்டாமல் செலவில் போடுவது, அவ்வளவுதான். அவர் பட்ட கடன் அப்படியே இருக்கிறது. வேளாண்மை வெட்டு முடிந்து தந்தால் வருமானமாகப் பதியுங்கள்.

எனக்குக் கவலை வேறு. கடைக் கொப்பியில் எழுதிய கடனுக்கு, இலங்கையின் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, தவணை வந்து 1 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்தில் தந்த வாக்குறுதிக்கு 6 வருடம் இருக்கிறது. ஆகவே இந்த வாரமே போய், தரவேண்டிய தொகையைக் குறிப்பிட்டு, அதைத் தருவேன் என்று வாடிக்கையாளரின் கையொப்பத்துடன் எழுதி வாங்கிவிடுங்கள்.